பிடித்து வைத்த மூச்சு

"உள்ள போகல."

"போகுது."

"போகலங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"போகுதுங்கறேன், நீ என்ன டாக்டருக்கா படிச்ச? ஒரு நாளைக்கு மூணு வேளை, எட்டு வாரமா ஒரு வேளை விடாம உறிஞ்சிட்டு உக்காந்திருக்கேன், என்னமோ நான் ஏமாத்தற மாதிரி..."

"ஏமாத்தறீங்கன்னு எவ சொன்னா? உள்ள போகலன்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்."

"சரி, கையக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்கன்னா கொடுங்களேன். கழண்டா போயிடும்?"

அவள் கணவனின் வலக்கையை இழுத்து, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த அலமாரிக் கண்ணாடியின் மேல் வைத்தாள். பெயிண்ட் மாஸ்டரான அவர் கண்ணை மூடிக்கொண்டார். காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஒரு பரப்பைத் தொட்டுப் பார்க்கும்போது அப்படித்தான் மூடிக்கொள்வார்கள். விரல் நுனிகள் மேலிருந்து கீழாக இறங்கின. பாதி வழியில் நின்றன. திரும்ப மேலே போய், இன்னொரு முறை இறங்கின.

"தூசி" என்றார்.

"தூசி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? திங்கக்கிழமை ஈரத்துணி போட்டுத் துடைச்சேன். இன்னைக்கு வியாழன். மூணு நாள்ல கண்ணாடியில சொரசொரன்னு படியறதுக்கு இது என்ன சிமெண்டு கிடங்கா? பறந்து வந்து ஒட்டியிருக்குங்க. உங்க மருந்துதான்."

மாஸ்டர் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். வெளியே ஒரு வாரமாகப் பெய்கிற மழை, விடுவதா வேண்டாமா என்று யோசிப்பது போலத் தூறிக்கொண்டிருந்தது.

அவளைக் கார் பட்டறையில் எல்லாரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், ஒரு நாள் ஆள் இல்லையென்று காரின் ஜன்னலுக்குத் தாள் ஒட்டிக் கொடுத்தாள். அதோடு முப்பது வருஷம் ஓடிவிட்டது. பெயிண்ட் படக்கூடாத இடமெல்லாம் அவள் பொறுப்பு. கண்ணாடி, விளக்கு, கைப்பிடி, ரப்பர் எல்லாவற்றுக்கும் தாள் வைத்து, ஓரத்தில் டேப் ஒட்டி, நகத்தால் அழுத்திவிடுவாள். அடித்து முடித்ததும் டேப்பை உரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். எங்காவது பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு தட்டினால், பெயிண்ட் பறந்து அங்கே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். "இவ கைக்குத் தப்பி ஒரு பொட்டுப் பெயிண்டு வெளிய போகாது" என்று மாஸ்டரே பெருமையாகச் சொல்வார்.

மாஸ்டருக்கு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். புற்று என்றார்கள். எடுத்தாயிற்று, ஒன்று போதும் என்றார்கள். இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு நுரையீரல் படத்தில் அவரைக்காய் விதை மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். விதைகள் மொச்சையாயின. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இந்தப் புது மருந்தைப் பற்றிச் சொன்னார்.

"கட்டியோட சண்டை போட வேண்டிய அணுக்கள் உங்க உடம்புலயே இருக்கு. அதுங்க சும்மா கிடக்கு. இந்த மருந்து தட்டி எழுப்பும். ஊசியாப் போட்டா ஆளையே சாய்ச்சுடுது. அதனால மூச்சு வழியா நேரா நுரையீரலுக்குக் கொடுத்துப் பாக்கறோம். கட்டி நிக்குமான்னு கேட்டா, தெரியாது. தெரியாததுனாலதான் பரிசோதனை."

"காவக்காரன் தூங்கறான்னு சொல்லுங்க" என்று மாஸ்டர் சிரித்தார். "நம்ம பட்டறைக் காவக்காரனுக்கும் ரெண்டு சொட்டு கிடைக்குமா டாக்டர்?"

அவள் சிரிக்கவில்லை. 'தெரியாது' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். எட்டு வாரம் கழித்து ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி அவர்கள் வைத்திருக்கிற அளவுக்கு மேல் வளர்ந்திருந்தால், மருந்து இவருக்குப் பலிக்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. இதையும் டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

அந்த ஸ்கேன் நாளைக் காலையில்.

முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். கம்ப்ரசர் எதுவும் இல்லாமல், சுவரிலிருந்து வரும் காற்றுக் குழாயில் மாட்டி, மருந்தைப் புகையாக்கி, வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார்கள். இரண்டு நாளும் இருமினார். சாயங்காலம் லேசாகச் சுட்டது. அது வரும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தாள். பிறகு வீட்டுக்கு ஒரு மெஷின் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் இருமல் நின்றது. காய்ச்சலும் இல்லை. "உடம்பு பழகிடுச்சு" என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டில் தினமும் அவளே எழுதினாள். இருமல், இல்லை. காய்ச்சல், இல்லை. பக்கம் பக்கமாக இல்லை, இல்லை என்று எழுதியபோது ஒவ்வொன்றும் ஒரு நல்ல செய்தி போல இருந்தது.

இன்று மத்தியானம் கண்ணாடியில் தன் கை பட்ட பிறகு, அவர் மருந்து எடுப்பதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். முதன்முறையாக, பட்டறையில் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மெஷினைப் போட்டதும் உள்ளே இருந்த குட்டி கம்ப்ரசர் படபடவென்று அடித்தது. குழாய் சீறியது. அந்தச் சீறல் கேட்டதுமே மாஸ்டரின் தோள் ஓர் அங்குலம் உயர்ந்தது, நெஞ்சு பூட்டிக்கொண்டது. வாய்க்குழாயின் மறுபக்க ஓட்டை வழியே வெள்ளைப் புகை தாராளமாக வெளியே போனது. அவள் மனசுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு வந்ததும் அவர் தலையை இடது தோள்பக்கம் திருப்பி, வாயோரத்தைச் சற்றே திறந்து, சுத்தமான காற்று ஒரு வாய் எடுத்துக்கொண்டார். திரும்பக் குழாய். திரும்பப் பூட்டு.

காருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது நாற்பது வருஷமாக அவர் செய்வது அதேதான். இருபது வயதில் முகமூடி வாங்கித் தர ஆள் இல்லை. கம்ப்ரசர் ஓடி, கையில் இருக்கும் பெயிண்ட் துப்பாக்கி சீறினால் மூச்சைப் பிடி. ஒரு வரிசை அடித்து முடித்ததும் தோள்பக்கம் திரும்பிக் காற்றெடு. பிறகு நல்ல முகமூடி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தான் கூட வேலை பார்த்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் இவர் மட்டும் நின்றார் என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு.

சாயங்காலம் அவள் தம்பி வந்தான். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர். சுத்தியல் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால், ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே சொல்வான்.

"மாமா எப்படி இருக்காரு?" என்று செருப்பைக் கழற்றும்போதே கத்தினான்.

"மெதுவாப் பேசுடா. அவரு மருந்தக் குடிக்கல."

"கொடுக்கலையா? ஏன்?"

"குடிக்கல! மூச்சப் பிடிச்சுக்கறாரு!"

முழுவதையும் கேட்டு முடித்தபோது தம்பியின் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான். "அட்டையில அடிச்சுப் பாத்துடலாம்க்கா" என்றான். காரில் அடிப்பதற்கு முன் நிறம் சரியா என்று ஒரு கறுப்பு அட்டையில் அடித்துப் பார்ப்பது பட்டறை வழக்கம். அலமாரி மேலே பழைய அட்டைகள் கிடந்தன.

மருந்தை வீணாக்கக்கூடாது. மெஷின் கழுவக் கொடுத்திருந்த உப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். மாஸ்டர் முறைத்துக்கொண்டே வாயில் வைத்தார். தம்பி வெளி ஓட்டைக்கு நேரே அட்டையைப் பிடித்தான். ஒரு நிமிஷத்தில் அட்டை நனைந்து, நடுவில் ஒரு சொட்டு திரண்டு கீழே ஓடியது.

"எல்லாருக்கும் அப்படித்தான் ஓடும்" என்றார் மாஸ்டர், குழாயை எடுத்துவிட்டு.

"எங்க, நான் இழுத்துக் காட்டறேன்" என்று அவள் குழாயைக் கழுவி வாங்கினாள். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள். வாயில் வைத்தாள். தம்பி சுவிட்சைத் தட்டினான். படபடபட. சீறல் கிளம்பியதும் அவள் தொண்டைக்குள் ஏதோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இழு, இழு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நெஞ்சு கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அட்டை நனைந்து சொட்டியது.

குழாயைப் பிடுங்கி மடியில் போட்டாள். முப்பது வருஷம் அவளும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"என்னடி, உனக்கும் போகலையா?" என்று மாஸ்டர் கேட்டார். குரலில் கேலியில்லை.

"இப்படிக் கொடுங்க, நமக்குத்தான் சுத்தியலத் தவிர எந்தச் சத்தமும் கேக்காதே" என்று தம்பி வாங்கிக்கொண்டான். அவன் பாட்டுக்கு, டீயை ஆற்றிக் குடிக்கிறவன் மாதிரி நிதானமாக இழுத்தான், விட்டான். ஒரு நிமிஷம் கழித்து அட்டையைத் திருப்பிக் காட்டினான். ஓரத்தில் லேசாக ஈரம் பூத்திருந்தது. சொட்டு ஒன்றும் இல்லை.

மூன்று பேரும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு வாரம்" என்றார் மாஸ்டர். விரலை மடக்கி ஏதோ எண்ணப் பார்த்தார், விட்டுவிட்டார். "அப்போ இந்த அலமாரிக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கு. அதுக்கு இனி ஒரு நோயும் வராது."

அவள் அட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள். "நாளைக்குக் காலையில சிஸ்டர்கிட்டச் சொல்லிடலாம்."

"சொல்லக்கூடாது."

"ஏங்க?"

"மருந்தை ஒழுங்கா எடுக்காதவன்னு பேரை அடிச்சிடுவாங்க. கையெழுத்துப் போடறப்போ படிச்சாங்களே, கேட்டதானே?"

"சொல்லாம விட்டா? ஸ்கேன்ல கட்டி வளந்திருக்கும். மருந்து பலிக்கலன்னு நிறுத்திடுவாங்க. நீங்க அந்த மருந்தப் பாக்கவே இல்லையே! அலமாரிதானே..."

"வளந்திருக்காது."

"எப்படித் தெரியும்?"

"ஒரு இருமல்கூட இல்லையே."

"அதுதாங்க எனக்குப் பயமே!"

"மாமா சொல்றதுதான் சரி" என்றான் தம்பி, தெருவுக்கே. "இனிமே ஒழுங்கா இழுங்க. நடந்தத எதுக்குப் போய்க் கிளறணும்? நாமளாப் போய்த் தலையக் கொடுக்கணுமா?"

"வாய மூடுடா. உன் குரலுக்கு ஆஸ்பத்திரிக்கே கேட்டிருக்கும்."

ராத்திரி வேளை மருந்தின்போது அவர் முயன்று பார்த்தார். இரண்டு இழுப்பு போனது. மூன்றாவதில் தோள் ஏறிவிட்டது. அவள் நோட்டைத் திறந்து, இருமல் என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுதாமலே மூடினாள்.

காலையில் மெஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். மழை விட்டிருந்தது. ஆனால் காற்றில் ஈரம் தொங்கியது. "இந்த மாதிரி நாள்ல கறுப்புப் பெயிண்டு அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும்" என்றார் மாஸ்டர், ஜன்னல் வழியே ஓடும் கார்களைப் பார்த்தபடி. இறங்கும்போது, "நீ வாயத் திறக்காத" என்றார்.

ஸ்கேன் அறைக்குள் அவளை விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே பதிவு செய்த குரல் ஒன்று, "மூச்சை இழுங்கள், பிடியுங்கள்" என்றது. பிறகு அமைதி. பிறகு "மூச்சை விடுங்கள்" என்றது. வெளியே வந்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ரொம்ப நல்லாப் பிடிக்கறீங்கன்னு அந்தப் பையன் பாராட்டினான்" என்றார். உதடு சிரித்தது. கை மூன்றாவது பொத்தானை இரண்டாவது துளையில் போட்டிருந்தது. அவள் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

படம் டாக்டருக்குப் போயிருந்தது. கூப்பிடுகிற வரை நீளமான தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்கள். அங்கே கண்டக்டர் இருந்தார். பஸ்ஸில் முப்பத்தைந்து வருஷம் டிக்கெட் கிழித்தவர். அதே நோய், அதே மருந்து. ஒவ்வொரு முறை வரும்போதும் இவர்களைப் பார்த்தால் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுப்பார். இப்போது கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல்.

"வாங்க மாஸ்டர், உள்ள தள்ளி உக்காருங்க. எப்படி, இன்னும் இருமலே இல்லையா?"

"இல்ல."

"குடுத்து வெச்சவரு. எனக்கு வாய்ல வெச்சா போதும், குடலே வெளிய வந்துடுது. சாயங்காலமானா காய்ச்சல், நடுக்கம். பொண்டாட்டி மூணு போர்வை போத்தறா." குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க. நேத்துல இருந்து நான் முழுசா இழுக்கறதில்ல. உங்களப் பாத்துதான் யோசிச்சேன். அவரு மெதுவா, மேலோட்டமா இழுக்கறாரு போல, அதான் இருமல் இல்லாமத் தெம்பா இருக்காருன்னு. பாதிய இழுத்து, பாதிய வெளிய விட்டுடறேன். நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன் மாஸ்டர். நீங்களும் அப்படித்தானே?"

டேப்பக்கா கணவனின் முகத்தைப் பார்த்தாள். காது மடல் இரண்டும் வெளுத்திருந்தன.

அந்த நேரத்தில் சிஸ்டர், காலையில் இவர்களிடம் வாங்கி வைத்த நோட்டோடு வந்தாள். இளவயதுப் பெண். தினமும் சாயங்காலம் போன் பண்ணிக் கேட்கிறவள் இவள்தான்.

"மருந்து முழுசா எடுத்தீங்களா? ஒரு வேளையும் விடலையே? அட, நேத்து நோட்டுல எழுதலையே, ஏம்மா?"

டேப்பக்கா நோட்டையே பார்த்தாள். இப்போது சொன்னால் பேரை அடிப்பார்கள். சொல்லாவிட்டால், இன்னும் ஒரு மணி நேரத்தில் டாக்டர் அடிப்பார். இரண்டு பக்கமும் குழி. எதில் விழுந்தால் எலும்பு மிஞ்சும் என்று தெரியவில்லை.

"நான் மூச்சே இழுக்கல சிஸ்டர்" என்றார் மாஸ்டர்.

"என்ன?"

"வீட்டுல அந்த மெஷின் சத்தம் கேட்டா நெஞ்சு தானாப் பூட்டிக்குது. பெயிண்டு அடிக்கிற பழக்கம். நேத்துதான் இவ கண்டுபிடிச்சா. எட்டு வாரமும் காத்துலதான் போயிருக்கு." கண்டக்டர் பக்கம் திரும்பினார். "என்னப் பாத்து நீங்க எதையும் செய்யாதீங்க. நான் தெம்பா இருக்கறது மருந்தே போகாததால. நல்லா இழுங்க. இருமினா இருமுங்க."

கண்டக்டர் தன் கைகளைப் பார்த்தார். சிஸ்டர் நோட்டை மூடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இத நான் எழுதித்தான் ஆகணும்" என்றாள். "இந்த மருந்த இன்னும் எத்தனையோ பேருக்குக் கொடுக்கலாமா வேண்டாமான்னு இந்த நோட்டப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

"என் பேர அடிச்சிடுவீங்களா?"

"எனக்குத் தெரியாது. டாக்டர் படம் பாத்துட்டு இருக்காரு. அவங்க கூடிப் பேசித்தான் சொல்லணும்."

"படத்துல..." என்று டேப்பக்கா ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா." சிஸ்டர் துணிப்பையைப் பார்த்தாள். "மத்தியான வேளை இருக்கில்ல? அத என் கண்ணு முன்னால எடுங்க. மெஷின் கொண்டு வந்திருக்கீங்கதானே?"

சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மேசை, கண்ணாடி வைத்த கதவு. சிஸ்டர் மருந்தைக் கிண்ணத்தில் விட்டாள். புகை மற்றவர்கள் மூச்சில் போகக்கூடாது என்று டேப்பக்காவுக்கும் ஒரு முகமூடி கொடுத்தாள். கணவன் முகம் திறந்திருக்க, தான் முகமூடி போட்டு நிற்பது அவளுக்கு என்னவோ போல இருந்தது. பட்டறையில் இத்தனை வருஷமும் முகமூடி அவருக்குத்தான் இருந்தது.

சுவிட்ச் விழுந்தது. படபடபட.

தோள் உயர்ந்தது.

"மாஸ்டரு" என்றாள் அவள். உள்ளங்கையை அவர் முதுகில் விரித்து வைத்தாள், பெயிண்ட் காய்ந்ததா என்று பார்ப்பது போல. "இது காரு இல்ல. இழுங்க."

அசையவில்லை. விரல்களுக்குக் கீழே முதுகு பலகையாக நின்றது.

"நானும் இழுக்கறேன். ஒண்ணு. ம். இழுங்க."

முகமூடிக்குள் அவளே மூச்சை இழுத்தாள். முதலில் அவளுக்கே வரவில்லை. தொண்டையில் அந்தக் கதவு. உடம்பின் முழு பலத்தோடும் அதைத் தள்ளினாள். காற்று கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளே போனது. அவள் கைக்குக் கீழே, ஏதோ உரிகிறது போல, அவர் முதுகு மெல்ல விரிந்தது.

"விடுங்க. இன்னொண்ணு."

விரிந்தது. ஓட்டையிலிருந்து வந்த புகை மெலிந்தது. சிஸ்டர் தலையை ஆட்டினாள். நாலு. ஐந்து. ஆறாவது இழுப்பில் மாஸ்டர் குழாயை விட்டுவிட்டு முன்னால் குனிந்தார். இருமல் வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் தொடர்ந்து, நெஞ்சுக்கூடு அதிர, கண்கள் சிவக்க, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு இருமினார். இப்படி ஒரு இருமலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. சிஸ்டர் சட்டென்று மெஷினை நிறுத்தினாள். அறை முழுக்க இருமல் மட்டும் மிஞ்சியது. சிஸ்டர் அவர் கைநாடியைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே, கையில் ஒரு படத்தோடு, டாக்டர் வந்து நின்றுகொண்டிருந்தார்.

டேப்பக்கா கணவனின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"சிஸ்டர், இது மருந்தோட இருமலா, நோயோட இருமலா?"